குலம் கேட்கும் அரங்கம்!

தோழனே!

அச்சகத்து மேசைமீது ஈரம் உலராத ஒரு மாதிரித்தாள் கிடந்தது. மேலே கட்சியின் பெயர். அதன்கீழ் வேட்பாளரின் முகம். முகத்தின்கீழ் அவர் படித்த படிப்பு, பட்ட பாடு, ஆற்றிய தொண்டு, ஆற்றப்போகும் பணி. எல்லாம் இருந்தன. வலப்புற மூலையில் மட்டும் ஒரு கட்டம். நான்கு கோடுகள், நடுவே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை!

"இங்கே என்ன வரவேண்டும்?" என்றார் அச்சகத்தார்.

"சின்னம்" என்றேன்.

"என்ன சின்னம்?"

"இன்னும் தெரியாது."

"கொடி இருக்கிறது, கொள்கை இருக்கிறது, ஆள் இருக்கிறார், சின்னம் மட்டும் இல்லையா?" என்று வியந்தார் அவர். வியப்பு அவருக்கு, வேதனை நமக்கு!

சின்னம் வந்தது. வந்த பிறகாவது வேதனை தீர்ந்ததா? கேள், தோழனே. ஒரு தெரு. அதன் மேற்கு வரிசை ஒரு தொகுதி. கிழக்கு வரிசை மறு தொகுதி. இரண்டிலும் நம் தோழர்களே நின்றனர். மேற்கே நின்றவருக்குத் தென்னந்தோப்பு. கிழக்கே நின்றவருக்கு எரிவாயு உருளை. திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என் பேச்சை முழுவதும் கேட்டார், கை தட்டினார், பிறகு அருகே அழைத்தார்.

"ஏந் தம்பி, நல்லாத்தான் பேசுறே. எதிர்வீட்ல எம் மகளுக்குத் தென்னந்தோப்புங்கிறே, எனக்கு சிலிண்டருங்கிறே. ரெண்டும் ஒரே கட்சிதானா? இல்லே, சண்டை போட்டுப் பிரிஞ்சுட்டீங்களா?"

"ஒரே கட்சிதான் ஆத்தா" என்றேன்.

"அப்போ ஒரே படத்தக் கொடுக்கிறதுக்கு என்ன?" என்றார்.

ஒரு மணி நேரம் முழங்கியவன், அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நின்றேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும், அந்த ஆத்தாவுக்கு விடை சொல்லவேண்டுமென்றே சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். புரட்டப் புரட்டப் புரிந்தது: நமது சுவரொட்டியின் கட்டம் தற்செயலாக வெறுமையாக இல்லை, வெறுமையாக வைக்கப்பட்டிருக்கிறது!

சின்னம் ஏன் வந்தது இந்த நாட்டில்? 1951-52 இல் முதற் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர் 17 கோடிக்கும் மேற்பட்டோர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். பெயரைப் படிக்க இயலாதவனும் தன் ஆட்சியைத் தானே தேர்ந்தெடுக்கவேண்டும் என்ற உயர்ந்த நோக்கத்தால் சின்னம் பிறந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, பெட்டியின்மீது சின்னம். ஏழைக்கும் எளியவனுக்கும் வழிகாட்டும் கைவிளக்காக வந்தது அது. இன்றோ அந்த விளக்கு இருப்பவன் வீட்டில் நிலையாக எரிகிறது. இல்லாதவன் வீட்டுக்குத் தேர்தலுக்குத் தேர்தல் இரவல் வருகிறது!

அந்த முதல் தேர்தலில் அகில இந்தியக் கட்சிகளென 14 கட்சிகளை ஏற்றது தேர்தல் ஆணையம். தேர்தல் முடிந்தது, நூற்றுக்கு 3 வாக்கு என்று ஓர் அளவுகோல் வைக்கப்பட்டது, 14 இல் எஞ்சியவை 4. அன்று தொடங்கிய அளவுகோல்தான், தோழனே. அன்றுமுதல் கோல் நீண்டுகொண்டே வருகிறது.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பதை முதலில் மனத்தில் கொள். நம்மில் பலரே இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்குகிறார்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951 இன் 29-ஏ பிரிவு, 1989 முதல் நடைமுறையில் இருப்பது, பதிவைப் பற்றியது. கட்சி தொடங்கிய 30 நாட்களுக்குள் விண்ணப்பம், அரசியலமைப்புக்கும், சமதர்மம், மதச்சார்பின்மை, சனநாயகம் என்னும் கோட்பாடுகளுக்கும் உண்மையாயிருப்போம் என்ற உறுதிமொழி, வாக்காளர்களான 100 உறுப்பினர்கள், 10,000 ரூபாய் கட்டணம், நாளேடுகளில் அறிவிப்பு. இவற்றை நிறைவேற்றினால் நீ பதிவு பெற்ற கட்சி. அதாவது, உனக்குப் பெயர் உண்டு. முகம்? அதுதான் இல்லை!

முகம் வேண்டுமானால் 1968 ஆம் ஆண்டுத் தேர்தல் சின்னங்கள் ஆணையின் வாயிலில் போய் நிற்கவேண்டும். மாநிலக் கட்சியென்று ஏற்கப்பட அந்த வாயிற்காவலன் கேட்பதென்ன? சட்டமன்றத் தேர்தலில் நூற்றுக்கு 6 வாக்கும் 2 உறுப்பினரும். அல்லது நாடாளுமன்றத் தேர்தலில் அம்மாநிலத்தில் நூற்றுக்கு 6 வாக்கும் 1 உறுப்பினரும். அல்லது சட்டமன்ற இடங்களில் நூற்றுக்கு 3, குறைந்தது 3 இடங்கள் (234 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டில் அது 7). அல்லது ஒவ்வொரு 25 நாடாளுமன்ற இடத்துக்கும் ஓர் உறுப்பினர், மிச்சத்துக்கும் ஒருவர் (39 இடங்கள் கொண்ட தமிழ்நாட்டில் அது 2). அல்லது, இடமே இல்லாவிட்டாலும், நூற்றுக்கு 8 வாக்கு.

"ஒருவிதத்தில் இல்லாவிட்டால் இன்னொரு விதத்தில் நுழையலாமே, இத்தனை வழிகள் வைத்திருக்கிறார்களே!" என்பார் சிலர். வழிகள் ஐந்து, உண்மை. ஆனால் ஐந்தின் முகப்பிலும் ஒரே வாசகந்தான் எழுதியிருக்கிறது: "வென்று வா, பிறகு ஆயுதம் தருகிறேன்!" நீச்சல் கற்ற பிறகே ஆற்றில் இறங்கு என்று சொன்ன ஆசானின் கதைதான் இது!

ஆயுதம் என்று நான் சொல்வது அணிக்காக அல்ல. எண்ணிப் பார். அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளரை முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும். நம் வேட்பாளருக்குப் பத்துப்பேர் கையெழுத்திடவேண்டும். ஒரு கையெழுத்தில் குற்றம் கண்டாலும் மனுவுக்கு ஆபத்து. அவர்களுக்கு நட்சத்திரப் பேச்சாளர் 40 பேர், நமக்கு 20. அவர்களுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம், நமக்கு இல்லை. அவர்களுக்கு வாக்காளர் பட்டியல் இலவசம்; நமக்கு விலைக்கு. வாக்கு இயந்திரத்தில் பெயர் வரிசையிலும் அவர்கள் முதற்பந்தி. பதிவு பெற்ற கட்சியினர் இரண்டாம் பந்தி. தனி வேட்பாளர் கடைசிப் பந்தி. சமபந்தி என்று முழங்கும் நாட்டில், வாக்குச் சாவடிக்குள்ளேயே பந்தி வேறுபாடு!

எல்லாவற்றுக்கும் மேலாகச் சின்னம். அவர்களின் சின்னம் ஐந்தாண்டும் சுவரில் இருக்கிறது, குழந்தையும் அறிந்திருக்கிறது. நமக்கோ, பொதுச் சின்னம் கிடைக்காவிட்டால், வேட்புமனுவைத் திரும்பப்பெறும் நாள் மாலைதான் தெரியும். அதன் பிறகு வாக்குப்பதிவு வரை சட்டம் உறுதியளிக்கும் கால அளவு 14 நாள். 1996 க்கு முன்பு அது 20 நாளாக இருந்தது, அதையும் குறைத்தார்கள். இறுதி 48 மணி நேரம் வாய் மூடவேண்டும். எஞ்சுவது 12 நாள். பெயர் சொல்ல ஐந்தாண்டு ஒருவனுக்கு, முகம் காட்டப் பன்னிரண்டு நாள் மற்றொருவனுக்கு. இருவரும் சமமாக ஓடினார்களாம், ஒருவன் தோற்றானாம், தோற்றவனுக்குத் தகுதி இல்லையாம்!

பொதுச் சின்னம் கேட்கலாமே என்பாய். கேட்கலாம். சட்டமன்றத்தின் காலம் முடிவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது விண்ணப்ப வாயில் திறக்கும். முந்தி வந்தவனுக்கு முதல் உரிமை. நூற்றுக்கு 5 தொகுதிகளிலாவது நிற்கவேண்டும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12. முந்திய தேர்தலில் இலட்சக்கணக்கானோர் உன் சின்னத்தை நெஞ்சில் பதித்திருந்தாலும், வரிசையில் இன்னொருவன் முன்னே நின்றால் சின்னம் அவனுக்கு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி ஆண்டுகளாகத் தூக்கிச் சுமந்த கரும்பு விவசாயி சின்னம், முந்தி விண்ணப்பித்த வேறொரு கட்சிக்குப் போயிற்று. அவர்கள் ஒலிவாங்கிச் சின்னத்தில் நின்றனர். அந்தக் கட்சியின் கொள்கை பற்றி உனக்கும் எனக்கும் ஆயிரம் மாறுபாடு இருக்கலாம். ஆனால் உழைத்தவன் விளைவித்ததை வரிசை எண் பறிக்கலாம் என்ற நீதியை எந்தக் கொள்கையாளன் ஏற்பான்?

இனி, தோழனே, பாரதக் கதையில் ஒரு காட்சியைக் காட்டுகிறேன். கதை நமக்கு வேதமல்ல. ஆனால் காட்சி பொருத்தமானது. நாடகக்காரனாகிய எனக்கு அதைக் கடந்துபோக மனமில்லை.

அத்தினாபுரத்து அரங்கு. அரசகுமாரர்கள் வித்தை காட்டுகிறார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வருகிறான் ஓர் இளைஞன். அருச்சுனன் செய்த வித்தை அனைத்தையும் நானும் செய்வேன் என்கிறான், செய்தும் காட்டுகிறான். நேருக்கு நேர் போருக்கு அழைக்கிறான். அப்போது எழுகிறார் கிருபாசாரியார். "வில்லை வளைப்பாயா?" என்று கேட்கவில்லை. "குறி தவறாமல் எய்வாயா?" என்று கேட்கவில்லை. "உன் குலம் என்ன? அரச குலத்தானோடு பொர நீ எந்த அரசன் மகன்?" என்று கேட்கிறார். கன்னனின் தலை கவிழ்கிறது.

வாக்கு வாங்கும் வல்லமை உண்டா என்று நம்மைக் கேட்கும் நாள் தேர்தல் நாள். ஆனால் அதற்கு முன்பே எழுந்து நின்று, "உன் தந்தை எந்தத் தேர்தலில் வென்றான்?" என்று கேட்கிறதே இந்த ஆணை, அது கிருபரின் குரலல்லவா?

காட்சி முடியவில்லை. அடுத்ததுதான் முக்கியம். எழுகிறான் துரியோதனன். "அரசன் இல்லையென்பதுதானே குறை? இதோ அங்க நாடு! இந்தக் கணமே இவன் மன்னன்!" என்கிறான். முடி சூட்டுகிறான். கன்னன் களத்துக்குள் வந்துவிட்டான். ஆனால் என்ன விலை கொடுத்து? அன்று வாங்கிய முடிக்காக அறம் எது என்று தெரிந்தும் பேசமுடியாமல், தன் வில்லையும் வாழ்வையும் இறுதியில் உயிரையும் துரியோதனனுக்குக் கொடுத்தான். முடி தந்தவனே முதலாளி!

இன்று நாட்டில் நடப்பதும் இதுவே. தொகுதிக்கு ஒருவன், அதிக வாக்குப் பெற்றவன் வென்றவன் என்ற தேர்தல் முறையில், சிறு கட்சி தனித்து நின்றால் வாக்கு வரும், இடம் வராது. அங்கீகாரமோ இடம் கேட்கிறது. ஆகவே, பெரிய கட்சியின் வாயிலில் நில். அவன் தரும் நான்கைந்து தொகுதியை வாங்கு. அவன் தோளில் ஏறி வெல். வென்றதும் "நானும் அங்கீகாரம் பெற்றேன்" என்று சொல். கிருபரின் கேள்விதான் துரியோதனனின் கொடைக்கு மதிப்பு ஏற்றுகிறது. சிறு கட்சிகளைச் சிதறடிக்கும் சட்டமென்று இதைச் சொல்கிறார்கள். அதைவிடக் கொடுமை, அவற்றை அடிமைப்படுத்தும் சட்டம் இது!

சான்று வேண்டுமா? 2006 சட்டமன்றத் தேர்தலில் தேசிய முற்போக்கு திராவிடக் கழகம் தமிழகமெங்கும் தனித்து நின்றது. நூற்றுக்கு 8 க்கு மேல் வாக்கு. கிடைத்த இடம் ஒன்று. 2009 நாடாளுமன்றத் தேர்தலில் நூற்றுக்கு 10 அளவில் வாக்கு. இடம் எதுவுமில்லை. பத்துப் பேரில் ஒருவர் வாக்களித்த கட்சிக்கு அங்கீகாரம் இல்லை! உச்ச நீதிமன்றம் சென்றார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2011 இல், இடமில்லாவிட்டாலும் நூற்றுக்கு 8 வாக்கு போதும் என்ற விதியை ஆணையம் சேர்த்தது. அதே ஆண்டில் அந்தக் கட்சி பெரிய கட்சியோடு கூட்டுச் சேர்ந்து 29 இடங்களை வென்றது. 2012 இல் தீர்ப்பு வந்தது: மூன்று நீதிபதிகளில் இருவர் ஆணையின் பக்கம், நீதிபதி செலமேஸ்வர் மட்டும் மாறுபட்டார். அந்த ஒற்றைக் குரலை நாம் மறக்கலாகாது.

ஒரு சொல்லின் வரலாற்றையும் அறிந்துகொள். 1968 இல் ஆணை பிறந்தபோது, இத்தனை இடம் "அல்லது" நூற்றுக்கு 4 வாக்கு என்றிருந்தது. பின்னாளில் 4 என்பது 6 ஆயிற்று. 2000 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் "அல்லது" போயிற்று. "வாக்கும் வேண்டும், இடமும் வேண்டும்" என்றாயிற்று. "அல்லது" என்ற ஒரு சொல்லை எடுத்து, "உம்" என்ற ஓர் இடைச்சொல்லை வைத்தார்கள். கோடிக்கணக்கான வாக்குகளின் மதிப்பு மாறிற்று. தமிழாசிரியர் இடைச்சொல்லைப் பற்றிப் பாடம் நடத்தியபோது தூங்கியவர்கள் நாம். தேர்தல் ஆணையம் தூங்கவில்லை!

ஏறுகிறவனுக்கு இத்தனை முள். இறங்குகிறவனுக்கு? பஞ்சு மெத்தை! அங்கீகாரத்தை இழந்த கட்சி, இழந்த பின்னும் ஆறாண்டுகள் தன் சின்னத்தைப் பயன்படுத்தலாம் என்று ஒரு விதி. 2016 முதல் அங்கீகாரத்தை மறு ஆய்வு செய்வதே இரண்டு பொதுத் தேர்தலுக்கு ஒரு முறை என்று ஒரு திருத்தம். வீழ்கிறவன் மீது இரக்கம் தவறல்ல. முளைக்கிறவன் மீது ஏன் இல்லை என்பதே நம் கேள்வி.

இத்தனைக்கும் இந்த 6, 8 என்ற எண்களை நாடாளுமன்றம் விவாதித்து வாக்கெடுத்து வகுத்ததா? இல்லை. அரசியலமைப்பின் 324 ஆம் பிரிவையும் தேர்தல் நடத்தை விதிகளையும் துணைகொண்டு தேர்தல் ஆணையம் பிறப்பித்த ஆணை இது. அதற்கு அந்த அதிகாரம் உண்டென்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதிகாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மக்களின் கட்சி எது என்று முடிவு செய்யும் எண்ணை, மக்களால் தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் எழுதலாமா என்பது சட்டக் கேள்வியன்று; சனநாயகக் கேள்வி.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். "எல்லாருக்கும் வாயிலைத் திறந்தால் தேர்தலே நடக்காது, மொடக்குறிச்சியை மறந்தீரோ?" என்பார்கள். மறக்கவில்லை. 1996 இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர். வாக்குச் சீட்டு புத்தகமாயிற்று. அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் பதவிக்கு நிற்கவில்லை. தம் குறையை யாரும் கேட்கவில்லை என்று நின்ற உழவர்கள். வந்த விடை என்ன? அதே ஆண்டில் காப்புத்தொகை உயர்ந்தது, சட்டமன்றத்துக்கு 250 ஆக இருந்தது 5,000 ஆயிற்று, இன்று 10,000. முன்மொழிவோர் பத்துப்பேர் என்றாயிற்று. குரல் கேட்கவில்லையென்று கதவைத் தட்டினான். தட்டும் ஓசை தொல்லையென்று கதவைத் தடிமனாக்கினார்கள்!

"பெயருக்குக் கட்சி வைத்து, நன்கொடைக்கு வரிவிலக்குப் பெற்று, கணக்குக் காட்டாதவர்கள் இருக்கிறார்களே?" என்பார்கள். இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் 334 கட்சிகளையும் செப்டம்பரில் 474 கட்சிகளையும் பட்டியலிலிருந்து நீக்கியது ஆணையம். ஆறாண்டுகளில் ஒரு தேர்தலிலும் நிற்கவில்லை என்பது காரணம். பதிவை நீக்கும் அதிகாரம், மோசடி போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, ஆணையத்துக்கு இல்லையென்று 2002 இல் உச்ச நீதிமன்றம் சொன்னதுண்டு. அந்த வழக்கை வழக்கறிஞர்கள் பேசட்டும். நான் சொல்வது இது: தேர்தலிலே நிற்காத, கணக்கே கொடுக்காத போலிக் கட்சிக்காக நாம் ஒரு துளி கண்ணீரும் விடவேண்டியதில்லை. பதரைத் தூற்றட்டும். ஆனால் பதரைத் தூற்றுவது வேறு. நாற்றைப் பிடுங்குவது வேறு. கணக்குக் காட்டாதவனைக் கணக்குக் கேட்டுத் தண்டிக்கலாம். அதற்காகக் கணக்குக் காட்டுகிறவனின் முகத்தை ஏன் மறைக்கவேண்டும்?

பிரிட்டனைப் பார். அங்கே 2000 ஆம் ஆண்டுச் சட்டப்படி 150 பவுன் கட்டி, சட்டதிட்டமும் நிதித் திட்டமும் காட்டிப் பதிவு செய்த கட்சி, தன் இலச்சினையையும் பதிவு செய்துகொள்ளலாம்; அது வாக்குச் சீட்டில் அச்சாகும். நூற்றுக்கு இத்தனை வாக்கு வாங்கினாயா என்று எவரும் கேட்பதில்லை. அங்கே வாக்குச் சீட்டு சரிந்து விழுந்துவிடவில்லை!

இனி நம் வீட்டுக்குள் வருவோம். நம் தோழர்களில் சிலர், நல்லவர்கள்தாம், களைத்துப்போனவர்கள், கேட்கிறார்கள்: "இந்தப் பாடெல்லாம் எதற்கு? கூட்டணியின் பெரிய கட்சிச் சின்னத்திலேயே நின்றுவிட்டால் என்ன? வெற்றிதானே வேண்டும்?"

இந்தக் கேள்விக்கு விடை சொல்லத்தான், தோழனே, இவ்வளவும் எழுதினேன்.

பிறர் சின்னத்தில் நிற்பவன், சட்டத்தின் கண்ணில், அந்தப் பிறர் கட்சியின் உறுப்பினன். அவன் பெற்ற வாக்கு அந்தக் கட்சிக் கணக்கில். அவன் பெற்ற இடம் அந்தக் கட்சிக் கணக்கில். அவைக்குள் நுழைந்தபின் அந்தக் கட்சிக் கொறடா சொன்னபடி கை தூக்கவேண்டும். தூக்காவிட்டால் கட்சித்தாவல் தடைச் சட்டம் பாயும். 2019 இல் தமிழ்நாட்டில் கூட்டணிக் கட்சியினர் பலர் உதயசூரியனில் நின்று நாடாளுமன்றம் சென்றார்கள். 2021 இல் மறுமலர்ச்சி திராவிட முன்னேற்றக் கழகத்தின் வேட்பாளர் அறுவரும் உதயசூரியனில் நின்றனர், நால்வர் வென்றனர். வெற்றி இனித்தது; ஆனால் அந்த வெற்றி அக்கட்சியின் ஏட்டில் ஓர் இடமாகவும் எழுதப்படவில்லை. வயல் நம்முடையது, வியர்வை நம்முடையது, களத்துமேட்டில் நெல் மட்டும் வேறொருவர் பெயரில்!

அதே 2021 இல் விடுதலைச் சிறுத்தைகள் அறுவரும் பானையில் நின்றனர், நால்வர் வென்றனர். அங்கீகாரத்துக்கு அது போதவில்லை. பானையை விட்டார்களா? 2024 இல் பொதுச் சின்னமாகத் தர ஆணையம் மறுத்தபோதும், இரண்டு தொகுதியிலும் பானையையே கேட்டுப் பெற்றனர், இரண்டிலும் வென்றனர், 25 க்கு ஒருவர் என்ற வாயில் வழியே அங்கீகாரம் பெற்றனர். பம்பரம் கிடைக்காத மறுமலர்ச்சிக் கழகம் அந்த முறை திருச்சியில் தீப்பெட்டியில் நின்று வென்றது. தனித்து நின்று இடம் எதுவும் பெறாத நாம் தமிழர் கட்சி நூற்றுக்கு 8 என்ற கோட்டைத் தாண்டி அங்கீகாரம் பெற்றது.

"பார்த்தீரா, புதுச் சின்னத்திலும் வெல்லலாம், ஆகவே சட்டத்தில் குறையில்லை" என்று வாதிடுவோர் உண்டு. நொண்டி ஒருவன் மலை ஏறிவிட்டான். ஆகவே காலில் விலங்கு இருந்தால் பாதகமில்லை என்பது போன்றது அந்த வாதம்! அவர்கள் ஏறியது விலங்கால் அல்ல, விலங்கை மீறி.

இன்று கோட்டைகளில் கொலுவிருக்கும் கட்சிகளும் ஒருநாள் இந்தத் திண்ணையில் நின்றவைதாம். 1957 இல் திராவிட முன்னேற்றக் கழகம் அங்கீகாரம் இல்லாமலே நின்று 15 சட்டமன்ற இடங்களைப் பெற்றது. அதன் பிறகே அங்கீகாரம் வந்தது. 1972 இல் பிறந்த அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் இரட்டை இலையைத் தேர்ந்து வென்றது. ஏறிவந்த ஏணியை எட்டி உதைக்கவேண்டாமென்று அவர்களைக் கேட்கிறோம். நாடாளுமன்றத்தில் அவர்களுக்குக் குரல் உண்டு, நமக்கு இல்லை, ஆகவே கேட்கிறோம்.

கேட்பதென்ன? ஒன்று: அங்கீகாரத்தின் அளவுகோலை நாடாளுமன்றம் பலரறிய விவாதித்துச் சட்டமாக்கட்டும். இரண்டு: அங்கீகாரத்திலிருந்து சின்னத்தைப் பிரிக்கட்டும், ஒரு பொதுத் தேர்தலில் ஒரு சின்னத்தில் நின்று நூற்றுக்கு 1 வாக்காவது பெற்று, கணக்கும் ஒழுங்காகக் கொடுத்த கட்சிக்கு, அடுத்த தேர்தலிலும் அதே சின்னம் உரிமையாகட்டும், வரிசையில் முந்தியவன் அதைப் பறிக்கலாகாது. மூன்று: போன "அல்லது" திரும்பி வரட்டும், இடமில்லாவிட்டாலும் நூற்றுக்கு 4 வாக்கு போதும் என்ற பழைய நீதி மீளட்டும். நான்கு: முன்மொழிவோர் எண்ணிக்கையும் வாக்கு இயந்திரத்துப் பந்தியும் எல்லாருக்கும் ஒன்றாகட்டும். இவை சலுகையல்ல, சரிசமம்.

கேட்டால் தந்துவிடுவார்களா? மாட்டார்கள். ஆகவே நம் கடமையையும் சொல்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் கணக்கை உரிய நாளில் ஒப்படை. ஒரு ரூபாய் நன்கொடைக்கும் பற்றுச்சீட்டுக் கொடு. பொதுச் சின்னத்துக்கு விண்ணப்ப வாயில் திறக்கும் முதல் நாள் காலையில் நம் மனு அங்கே இருக்கட்டும். முன்மொழியும் பத்துப்பேரையும் தொகுதிதோறும் இன்றே தேர்ந்துவை. அவர்கள் பெயர் வாக்காளர் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று நீயே போய்ப் பார். மேடைப் பேச்சில் நாம் சூரர்கள். மனுத்தாளில் நாம் சோம்பேறிகள் என்ற பழிச்சொல் நம்மேல் இருக்கலாகாது. அநியாயச் சட்டத்தை எதிர்க்கிறவன், அந்தச் சட்டத்தை அதை எழுதியவனைவிட நன்றாகப் படித்திருக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எவர் அழைத்தாலும், எத்தனை இடம் கொடுப்பதாகச் சொன்னாலும், தோழமை கொள்வோம், தோள் கொடுப்போம், கூட்டணி வெல்ல இரவுபகல் உழைப்போம். ஆனால் அங்க நாட்டு முடியை மட்டும் வாங்கமாட்டோம் என்று உறுதி கொள். கன்னனை வீழ்த்தியது அருச்சுனன் அம்பு என்பார்கள். இல்லை, தோழனே. அரங்கிலே தலைகவிழ்ந்து நின்றபோது, பிறர் சூட்டிய முடியைத் தலையில் ஏற்றானே, அன்றே வீழ்ந்தான்.

அந்த மாதிரித்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வலப்புற மூலையில் அந்த வெற்றுக் கட்டமும் அப்படியே இருக்கிறது. அதில் வேறொருவர் சின்னத்தை வரைந்தால் இன்றே நிரம்பிவிடும். நம் சின்னத்தை வரைய நாளாகும். திண்ணையில் இருக்கும் அந்த ஆத்தாவும், எதிர்வீட்டு மகளும், ஒரே படத்தைப் பார்த்து, "இது நம்ம பிள்ளைகள் படம்" என்று சொல்லும் நாள் வரும்வரை, அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்!